பதிமூன்று பவுண்டு அதிகம்

ஜனவரி 7, சனி

புது வண்டிக்குப் புது நோட்டு. பழைய நோட்டைப் பழைய டிரெய்லரோடே கொடுத்துவிட்டேன். எந்த டயரை எப்போது மாற்றினேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வாங்கிய வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாதே என்று என் மனைவி தெய்வானை சிரித்தாள். நம்பர் நம்பர்தானே, எந்த ஊர்க்காரனுக்கும் புரியும் என்றேன்.

மாற்றியதற்குக் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். போன அக்டோபரில் கடலுக்குப் போய்விட்டு இர்விங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பெரிய லாரி எங்களை முந்தியது. பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ள, பின்னால் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்துவிட்டது. பிரேக்கைத் தொடாமல் எப்படியோ நேர்செய்தேன். தெய்வானை ஓரங்கட்டச் சொல்லி வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வயிறு சரியில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. எட்டு வருஷம் அந்த ஆட்டத்தில் உட்கார்ந்து வந்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

புதியதும் உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகிற டிரெய்லர்தான், ஆனால் ஃபிப்த் வீல் என்கிற வகை. பழையது, முன்னால் இழுக்கும் பிக்கப் லாரியின் பம்பருக்குக் கீழே ஒரு பந்தில் மாட்டிக்கொண்டு இழுபட்டது. இதன் கழுத்து பிக்கப்பின் தொட்டிக்கு மேலே வந்து, பின் அச்சின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். கனம் அதிகம், நீளம் அதிகம், ஆனால் ஆட்டம் கிடையாது. கரூரில் பன்னிரண்டு வருஷம் பஸ் பாடி கட்டியவன், இங்கே டெக்சாஸில் இருபத்தாறு வருஷம் ஆக்சில் கம்பெனியில் இருந்தவன் சொல்கிறேன்.

"ஏனுங்க, வாந்தி வண்டியினாலதானுங்களா?" என்று கேட்டாள்.

"பின்னே?" என்றேன்.

ஏப்ரலில் சித்திரை ஒன்றாம் தேதிக்குக் கடற்கரையில் இருக்க வேண்டும், அங்கே மாவாட்டித் தோசை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றாள். இது ஒரு பெரிய காரியமா? கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 18, புதன்

தெய்வானையின் வயிற்று ஸ்கேன் முடிவு வந்தது. மகள் சுகந்தி லீவு போட்டுவிட்டு ஹூஸ்டனில் இருந்து வந்திருந்தாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. இது வண்டி நோட்டு.

ஒன்றே ஒன்று காதில் விழுந்தது. உடம்பு எடை குறையாமல் நின்றால் மருந்து தாங்கும், குறைந்துகொண்டே போனால் தாங்காது. வாரா வாரம் வீட்டில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள் என்றார். அது எனக்குத் தெரிந்த வேலை.

ஜனவரி 21, சனி

குளியலறை எடைமெஷினைச் சோதித்தேன். இருபது பவுண்டு அரிசி மூட்டையைப் பிரிக்காமல் வைத்தேன். இருபதே காட்டியது. நான் 171. தெய்வானை 118.

கரூரில் புது பஸ் ஒவ்வொன்றையும் எடைமேடைக்கு ஓட்டிப்போவது என் பொறுப்பு. கனமான பஸ்ஸுக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று ஸ்டெப்னியைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு வருவார்கள். பஸ் மேடையில் ஏறும்போதே ஸ்பிரிங்கைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மனுஷன் பொய் சொல்வான், எடைமேடை சொல்லாது.

ஜனவரி 30, திங்கள்

ஃபிப்த் வீலின் நான்கு டயர்களுக்கும் காற்று பார்த்தேன். கழுத்துக் கொக்கிக்குக் கிரீஸ் வைத்தேன். தெய்வானைக்கு இரண்டாவது மருந்து ஊசி. சாயங்காலம் இரண்டு வாய் ரசம் சாதம்.

பிப்ரவரி 2, வியாழன்

அலமாரியை ஒழித்தாள். எப்போதோ தோழிகளோடு மாலில் நடக்கப் போவாளே, அந்த நடைப்பயிற்சிப் பையை எடுத்துக் கீழே வைத்தாள். மறுபடி நடக்கப் போகிறாளாம். நல்ல அறிகுறி.

பிப்ரவரி 4, சனி

தெய்வானை 118.

வீட்டில் எப்போதும் நைட்டியில் இருப்பவள், இன்று எடை பார்க்கச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"எடை பாக்கறதுக்கு எதுக்கு அம்மிணி சேலை?"

"எடைமேடைக்குப் போறதுன்னா பஸ்ஸுக்குக்கூட பெயிண்ட் அடிச்சுத்தானுங்களே கூட்டிட்டுப் போவீங்க. எனக்கென்ன கொறைச்சல்?"

நியாயம்தான். அதே போன்ற சேலையைத் தனியே நிறுத்து, அந்தக் கனத்தைக் கழித்துத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, புதன்

ஆஸ்பத்திரி மெஷினில் 114 என்று சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை வீட்டில் 118. நர்ஸம்மாவிடம் உங்கள் மெஷினை எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டேன். சுகந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்கு வந்து மறுபடி அரிசி மூட்டையை வைத்தேன். இருபது. ஆக, கோளாறு அவர்களிடம்தான். சீட்டைப் பைலில் போட்டேன். எந்தக் காகிதத்தையும் நான் எறிவதில்லை.

பிப்ரவரி 25, சனி

தெய்வானை 118. சுகந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

மார்ச் 3, வெள்ளி

ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். எழுதத்தான் வேண்டும்.

ஃபிப்த் வீல் வாங்கும்போது பிக்கப் எவ்வளவு இழுக்கும் என்று மட்டும் பார்த்தேன். தாராளமாக இழுக்கும். ஆனால் எவ்வளவு சுமக்கும் என்பது வேறு கணக்கு. பழைய டிரெய்லர் பிக்கப்பின் மேல் கொஞ்சம்தான் பாரம் ஏற்றியது. இது கழுத்தையே தூக்கி மேலே வைக்கிறது. டிரைவர் கதவுத் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது: ஆட்களும் பாரமும் சேர்ந்து 3,220 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. இன்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஊருக்கெல்லாம் எடை பார்த்தவன் வீட்டு வண்டியில் கோட்டைவிட்டேன்.

தெய்வானையிடம் சொன்னேன். "என்னை எறக்கி உட்டுட்டாச் சரியாப் போகுமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. என்ன பேச்சு அது?

மார்ச் 11, சனி

தெய்வானை 118.

ஒன்று கவனித்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். மற்ற நாளில் அவ்வளவு இல்லை. சேலை தடுக்குகிறதுங்க என்றாள். நைட்டியிலேயே வா என்றால் கேட்பதில்லை.

மார்ச் 15, புதன்

ஆஸ்பத்திரியில் 108. சீட்டைப் பைலில் போட்டேன். வரும் வழியில் சுகந்தி, "அப்பா, நீங்க அம்மாவ நல்லாப் பாத்தீங்களா? மொகத்தப் பாத்தீங்களா?" என்றாள். தினமும்தானே பார்க்கிறேன். முகத்தை வைத்து எடை சொல்ல முடியுமா?

மார்ச் 19, ஞாயிறு

ஃபிப்த் வீலை நிறுத்திவைத்திருக்கும் இடத்துக்குத் தெய்வானையை முதல்முறையாகக் கூட்டிப்போனேன். அடுப்படியைப் பார்த்தாள். ஜன்னல் பெரிதாக இருக்கிறது, தோசை ஊற்றிக்கொண்டே கடலைப் பார்க்கலாம் என்றாள். படுக்கையறை பிக்கப்பின் தொட்டிக்கு மேலே வரும் பாகத்தில் இருக்கிறது. உள்ளேயே மூன்று படி ஏற வேண்டும். ஒரு படி ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இறங்கிவிட்டாள்.

பழையதில் படியே இல்லை. இதையும் நான் யோசிக்கவில்லை.

"சோபாவுல படுத்துக்கறனுங்க. அங்கிருந்தே கடல் தெரியும்" என்றாள்.

மார்ச் 25, சனி

தெய்வானை 118. லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடைக்கு வண்டியை ஓட்டிப்போனேன். ஃபிப்த் வீலை மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை. கழுத்துப் பாரம் 2,640. நினைத்ததைவிட அதிகம்.

மார்ச் 27, திங்கள்

கருவிப் பெட்டியைப் பிரித்துக் கொட்டி, வேண்டாததை எடுத்து 65 பவுண்டுக்குக் கொண்டுவந்தேன். இதற்குக் கீழே குறைத்தால் வழியில் பஞ்சர் ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். தண்ணீர்த் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோவோம், அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 4, செவ்வாய்

சக்கர நாற்காலி வந்தது. மடக்கிப் பின்சீட்டில் வைக்கலாம். 34 பவுண்டு.

ஏப்ரல் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. 104. மருந்தை நிறுத்திவைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உங்கள் மெஷினை நம்பி நிறுத்துகிறீர்களா, என் நோட்டைப் பாருங்கள், ஒரு சனிக்கிழமை விடவில்லை என்று காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. தெய்வானையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "விடுங்க, கடலுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாமுங்க" என்றாள்.

ஏப்ரல் 8, சனி

தெய்வானை 118. ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி.

இன்று கடைசிக் கணக்கு. கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தபடியே கூட்டினேன். தெய்வானை எடை பார்த்த சேலையோடே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

கழுத்துப் பாரம் 2,640. தொட்டியில் பொருத்திய கொக்கி 187. நான் 171. அவள் 118. நாற்காலி 34. கருவிப் பெட்டி 65. மொத்தம் 3,215. ஐந்து பவுண்டு மிச்சம்.

"கிரைண்டர்?" என்றாள்.

சின்ன கிரைண்டர்தான், ஆனால் கல் கல்தானே. 18 பவுண்டு. ஒரு தடவை டிரெய்லருக்குள் அது உருண்டு அலமாரிக் கதவை உடைத்ததில் இருந்து, பயணத்தில் பிக்கப்பின் பின்சீட்டில் பெல்ட் போட்டுத்தான் வரும். மூன்றாவது ஆள் என்று சுகந்தி கேலி செய்வாள்.

"எவ்வளவுங்க இடிக்குது?"

"பதிமூணு பவுண்டு."

"பதிமூணுங்களா." சேலைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தேன். தலைநிமிர்ந்தபோதும் அப்படியே நின்றாள். எதையோ சொல்ல வந்தவள் போல் இருந்தது.

"போனாப் போகுதுங்க. மிக்சியே எடுத்துக்கலாம்" என்றாள்.

மிக்சி டிரெய்லர் அலமாரியில் இருந்தபடியேதான் எடைமேடை ஏறியது, அதற்குத் தனிக் கணக்கு இல்லை. ஆனாலும் எனக்கு ஆச்சரியம். மிக்சி மாவில் ஊற்றினால் அது தோசையா, சுவரில் போஸ்டர் ஒட்டத்தான் ஆகும் என்று முப்பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறவள்.

போனில் சுகந்தி சத்தம் போட்டாள். "பதிமூணு பவுண்டுக்காப்பா? அம்மா ஆசப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதானே!"

பாரம் பாரம்தான், ஆசைக்கு ஸ்பிரிங் வளைந்து கொடுக்குமா என்றேன். அக்டோபரில் வண்டி ஆடியது அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் 12, புதன்

கிளம்பினோம். முதல் நாள் 190 மைல். ஆட்டமே இல்லை. எத்தனையோ லாரிகள் முந்தின, வண்டி கல் மாதிரி வந்தது. தெய்வானை இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

ஆடாத வண்டியில் வாந்தி.

ஏப்ரல் 13, வியாழன்

வந்து சேர்ந்தோம். போர்ட் அரான்சஸ். கடலுக்கு நேராக நிறுத்த இடம் கிடைத்தது.

மேல் படுக்கையறை ஜன்னலில் இருந்து இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன். நைட்டியில் இருந்தாள். தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறினேன். 118 பவுண்டு தூக்கினது மாதிரியே இல்லை. அறுபத்தெட்டு வயதில் எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அவளிடம் பெருமை அடித்தேன்.

"ஆமாங்க, உங்களுக்குத் தெம்புக்கென்ன" என்றாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, படுக்கையில் இறக்கிவிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி. சித்திரை ஒன்று

மாவு நேற்று மிக்சியில் அரைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊற்றினாள். பெரிய ஜன்னலைத் திறந்துவிட்டேன். கூழைக்கடாக்கள் வரிசையாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு பறந்தன. நான்கு தோசை எனக்கு. அவள் ஒன்றில் கால்வாசி சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

பார், மிக்சியே போதும், இத்தனை வருஷம் அந்தக் கல்லைக் கட்டி இழுத்தோமே என்றேன். சிரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

ஏப்ரல் 17, திங்கள்

வீடு வந்து சேர்ந்தோம். பிக்கப் டயர்களில் தேய்மானம் இல்லை.

ஏப்ரல் 22, சனி

எடை பார்க்கவில்லை. அவளால் நிற்க முடியவில்லை.

ஏப்ரல் 29, சனி

பார்க்கவில்லை.

மே 3, புதன்

சுகந்தி வந்துவிட்டாள். இனி இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். எதுவரை என்று நான் கேட்கவில்லை.

மே 9, செவ்வாய்

தெய்வானை காலை ஏழு இருபதுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 10, சனி

ஹூஸ்டனுக்குத் திரும்பிய சுகந்தி, ஃபிப்த் வீலை விற்றுவிடலாம் என்று போனில் சொல்கிறாள். எடைமேடையில் இப்போது தாராளமாக நிற்கும். விற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. காற்று பார்த்தேன். முன் இடது டயரில் இரண்டு குறைவு.

ஜூன் 17, சனி

குளியலறைக் குழாய் ஒழுகியது. கழுவுதொட்டிக்குக் கீழே அலமாரியில் இருந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தேன். பின்மூலையில் பக்கெட்டுக்குப் பின்னால் அந்த நடைப்பயிற்சிப் பை இருந்தது. தூக்கினால் கனம்.

உள்ளே காலில் கட்டும் எடைப் பட்டைகள் இரண்டு. நடக்கும்போது காலுக்கு வலு வர அதைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். பட்டையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். வேண்டிய அளவுக்கு மணல் பொட்டலத்தைச் செருகிக்கொள்ளலாம். ஒரு பொட்டலம் ஒரு பவுண்டு. பட்டையின் ஒட்டு தேய்ந்துபோயிருந்ததால் பாவாடை நாடாவை வைத்துத் தைத்திருந்தாள். கெண்டைக்காலில், சேலைக்கு உள்ளே தெரியாமல் கட்டுகிற உயரத்துக்கு.

எண்ணினேன். இந்தக் காலுக்கு ஏழு. அந்தக் காலுக்கு ஏழு.

மெஷினில் வைத்தேன். பதினாலு.

பைலில் இருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துத் தரையிலேயே பரப்பினேன். பிப்ரவரியில் 114. என் நோட்டில் 118. நாலு குறைவு. மார்ச்சில் பத்துக் குறைவு. ஏப்ரலில் 104. பதினாலு குறைவு. அவர்கள் மெஷின் ஒரு தடவைகூடத் தப்புக் காட்டவில்லை. என்னுடையதும் காட்டவில்லை.

ஒவ்வொரு வாரமும் சரியாக 118 வர வேண்டும் என்றால், நான் வெளியே போயிருக்கும் நேரத்தில் அவள் தனியாக ஏறி நின்று பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி பொட்டலம் செருகியிருக்க வேண்டும். குனிந்து கட்டியிருக்க வேண்டும். குனிந்தாலே அவளுக்குக் குமட்டும். கட்டிக்கொண்டு, சேலை உடுத்திக்கொண்டு, நடந்து வந்து, என் முன்னால் ஏறி நின்று சிரித்திருக்கிறாள். நான் 118 என்று எழுதிவிட்டு அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஸ்டெப்னியைக் கழற்றி ஒளித்தவர்களை எல்லாம் பிடித்தேன். கூட்டிக் காட்டியவளை நான் பிடிக்கவில்லை. கையில் தூக்கிப் படியேறியபோதுகூடத் தெரியவில்லை என்று எழுத வந்தேன். தெரிந்தது. தெரிந்துதான் தெம்பு என்று பெருமை அடித்தேன்.

சுகந்திக்குப் போன் போட்டேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "மார்ச்ல ஒரு தடவ அம்மா கட்டும்போது பாத்துட்டேன்ப்பா. அழுதேன். 'உங்கப்பனுக்கு அந்த நம்பர் ஒண்ணுதான் புடிமானம், கண்ணு. அதையும் புடுங்கிராத'ன்னாங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் ஏப்ரல் எட்டாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன்.

எவ்வளவு இடிக்குது என்று கேட்டாள். பதிமூணு என்றேன். அவள் காலில் அப்போது பதினாலு இருந்தது. நாடாவை அவிழ்த்துவிட்டால் கிரைண்டர் வந்திருக்கும். அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டு அத்தனை நேரம் நின்றாள். ஒன்று கிரைண்டர், இல்லை என் 118. இரண்டில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும். போனாப் போகுதுங்க என்றாள்.

மிக்சி மாவு. பார், இதுவே போதும் என்று நான் வேறு சொன்னேன்.

ஒரு மணி நேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அப்புறம் பேனாவை எடுத்து அந்தக் கணக்கைத் திருத்தினேன். தெய்வானை 118 என்பதை அடித்துவிட்டு 104. அடியில் புதிதாக ஒரு வரி, கிரைண்டர் 18. மறுபடி கூட்டினேன். 3,219.

ஒரு பவுண்டு மிச்சம்.